கோழிகளுக்கு மாவுப்புழு வளர்த்தல்

2022ஆம் ஆண்டில் கோழித்தீன் அரிதாகி விலையேறியது. அடுத்த ஆண்டு இந்தியாவிலிருந்து முட்டை தருவிக்கவும் நேர்ந்தது. வளவில் நாலைந்து கோழி வைத்திருக்கும் கமக்காரர் தீனின் புரதக் குறையைச் சிறிது ஈடுசெய்ய மாவுப்புழு உதவும்.

இது ஒருவகைக் கருவண்டின் புழுப்பருவமாகும். உலர்ந்த புழுவில் ஏறத்தாழ அரைப்பங்கு புரதம். 25 முதல் 28 பாகை செல்சியஸ் வெப்பம் இதற்கு ஏற்றதாகையால் கண்டியில் நன்கு வளரும். நுவரெலியாக் குளிரில் மந்தமாகும்.

வழவழப்பான பிளாஸ்டிக் தட்டில் இரண்டங்குல உயரத்திற்குக் கோதுமைத் தவிடு பரப்பி வண்டுகளை விடுக. நெல் தவிடு கையிலிருக்க இதை வாங்குவானேன் எனலாம். நெல் தவிடு எண்ணெய்ப்பசை மிக்கது; விரைவிற் சிக்கடிக்கும். ஈரத்திற்குக் கரட் துண்டு போதும், தண்ணீர் ஊற்றலாகாது. பூச்சிநாசினி தெளித்த மரக்கறியை இட்டால் புழுக்கள் மாண்டுபோகும். வண்டுகள் தம் முட்டைகளையே தின்னுமாதலால், இரு வாரத்துக்கொருமுறை அவற்றை வேறு தட்டுக்கு மாற்றுதல் வேண்டும். முட்டை பொரித்தபின் இரண்டு மூன்று மாதத்திற் புழு ஓரங்குலமாகும்.

மழைக்காலத்தில் தவிடு நனைந்தால் பூஞ்சணமும் சிற்றுண்ணியும் பற்றும். வாடிய கரட்டை அன்றன்றே அகற்றுக.

மிக முக்கியமானது ஒன்றுண்டு. இவ்வண்டு சேமித்த தானியத்தையும் மாவையும் கெடுக்கும் பீடையாகும். தட்டை நுண்வலையால் மூடி, நெல் வைக்கும் அறைக்கு அப்பால் வைத்தல் வேண்டும். கழிவை வெயிலில் நன்கு உலர்த்திய பின்னரே மரக்கறிப் பாத்தியில் இடுக.

கோழியொன்றுக்கு நாளொன்றுக்கு ஐந்தாறு புழு போதும். புழுவிற் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. முட்டையிடும் கோழிகளுக்குப் பொடித்த சிப்பியோட்டையும் வைத்தல் வேண்டும். குஞ்சுகளுக்குத் தோலுரித்த வெண்புழுவே ஏற்றது.