சாக்கும் சிங்காரமும்

"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நம்மவர் பழமொழி. அந்த ஆடைப் பாதியிலே துணி எவ்வளவு, தைத்தவன் பெயர் எவ்வளவு என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. இக்கேள்வியை அரைமணி நேரச் சிரிப்பினூடே எழுப்பிய தொலைக்காட்சி நாடகம் ஒன்று, அமெரிக்காவிலே 1956ஆம் ஆண்டு மார்ச் மாதம் 19ஆந் திகதி ஒளிபரப்பாயிற்று. 'ஐ லவ் லூசி' என்னும் நகைச்சுவைத் தொடரில், லூசி பாரிஸ் உடைக்கு ஆசைப்பட்ட கதையே அது.

1951 முதல் 1957 வரை சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பிய இத்தொடரில் லூசில் பால் லூசியாகத் தோன்றினார். அவருடைய உண்மைக் கணவரான டெசி ஆர்னாஸே கதையிலும் கணவன் ரிக்கியாக நடித்தார். இவர்களின் நண்பர்களான பிரெட், எதெல் தம்பதியராக வில்லியம் பிராலியும் விவியன் வான்ஸும் நடித்தனர்.

பட்டினி விரதம்

நால்வரும் பாரிஸ் நகரில் தங்கியிருக்கின்றனர். ஜாக் மார்சல் என்னும் கற்பனை ஆடைக் கலைஞரின் உடையொன்று வேண்டுமென்று லூசி பிடிவாதம் பிடிக்கிறாள். கணவன் மறுக்கவே, உண்ணாவிரதம் தொடங்குகிறாள். ஆனால், எதெல் இரகசியமாக உணவு கொண்டுவந்து கொடுக்கிறாள்! மனமிரங்கிய ரிக்கி உடையை வாங்கி வருகிறான். சூது வெளியானதும் அதைத் திருப்பிக் கொடுத்து விடுகிறான்.

அத்துடன் நில்லாது, ஆடவர் இருவரும் பழிவாங்கவும் முற்படுகின்றனர். உருளைக்கிழங்குச் சாக்கினால் இரு உடைகள் தைப்பித்து, மார்சலின் பெயர்ச்சீட்டைப் பொருத்திப் பரிசளிக்கின்றனர். குதிரைக்குத் தீனி கட்டும் பையும் ஒரு வாளியுமே அவற்றுக்கேற்ற தொப்பிகள். பெயரைக் கண்ட பெண்கள் கண்ணை நம்பாது, அவற்றை அணிந்து வீதியிலே உலா வருகின்றனர். உண்மை தெரிந்தபோது வெட்கித் தலைகுனிகின்றனர். இறுதியில் நேர்வது என்ன? அவர்களைக் கண்ட மார்சல், அதே சாக்குடையைத் தம் புதிய பாணியாக்கித் தம் அழகியருக்கு அணிவித்து விடுகிறார்!

சீட்டின் மாயம்

நகைப்பு அடங்கியபின் கதையைச் சற்று ஆராய்ந்தால், பெண்களின் ஆடை மோகத்தை மட்டும் அது எள்ளவில்லை என்பது புலனாகும். மனைவி கணவனை ஏய்த்தாள்; கணவன் மனைவியைப் பலர் முன்னிலையில் தலைகுனிய வைத்தான். வாய்விட்டுக் கேட்டு, மனம்விட்டுப் பேசியிருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய ஒரு காரியம், இரு தரப்பிலும் வஞ்சகமாக முற்றியது. அணிந்தவர்க்கு அவமானம் தந்த சாக்கு, பெரியவர் பெயரோடு வந்ததும் அலங்காரமாயிற்று. இடையிலே மாறியது துணியன்று, பெயரே.

1837ஆம் ஆண்டில் டென்மார்க்கு எழுத்தாளர் அண்டர்சன் வெளியிட்ட, ஆடையில்லாச் சக்கரவர்த்தியின் கதையை மாணவர்கள் அறிவர். அங்கே ஒரு சிறுவன் உண்மையை உரைத்தான். பாரிஸ் கதையிலோ அவ்வாறு உரைப்பாரில்லை.

இக்கதை வெறும் கற்பனையுமன்று. 1947இல் கிறிஸ்டியன் டியோர் புகுத்திய பாணி, இடையை இறுக்கிப் பாவாடையை விரித்தது. பத்தாண்டு கழித்து, 1957இல், பலென்சியாகா இடையையே மறைத்துத் தொளதொளவென விழும் உடையை அறிமுகஞ் செய்தார். அதற்கு வழங்கிய பெயர் என்ன தெரியுமா? 'சாக்கு உடை' என்பதே! நாடகம் ஒளிபரப்பாகி அடுத்த ஆண்டிலேயே இது நிகழ்ந்தது.

அழகாக உடுத்துவது குற்றமன்று. பண்டிகைக்குப் புத்தாடை எடுக்கும் மகிழ்ச்சியை எவரும் பழிக்க வேண்டியதில்லை. ஆயினும், கடையிலே ஓர் உடையைக் கையிலெடுக்கும்போது, பெயர்ச்சீட்டை விரலால் மறைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். அப்பொழுதும் அது உங்கள் மனத்துக்குப் பிடித்திருந்தால், உங்கள் பணப்பையும் இடந்தந்தால், தாராளமாக வாங்குங்கள். அன்றேல், சாக்குக்கு விலை கொடுக்கச் சாக்குத் தேடாதிருப்பதே நன்று.