நிக்கலை ஆக்சைடாக்காமல் அதன்மேல் ஆக்சைடு பூசுவது எப்படி?

மீகடத்திக் கம்பி என்றதும் செப்புக் கம்பி மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்வோம். இங்கே நான் சொல்லவருவது ஒரு நாடா. 50 முதல் 100 மைக்ரான் தடிமனுள்ள நிக்கல் கலப்பு உலோகம், அதன்மேல் ஏறக்குறைய ஒரு மைக்ரான் அளவுக்கு யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு. 92 கெல்வினுக்குக் கீழே இந்த ஆக்சைடுக்கு மின்தடை கிடையாது. 77 கெல்வினில் கொதிக்கும் திரவ நைட்ரஜனை வைத்தே குளிர்வித்துவிடலாம். ஆனால் இது பீங்கான் ஜாதி, வளைத்தால் நொறுங்கும். அதனால்தான் வளையும் உலோகத்தின் மேல் மெல்லிசாக ஏற்றுகிறார்கள்.

நேரா உலோகத்தின் மேலேயே பூசிவிட்டால் என்ன? இரண்டு தொல்லை. ஒன்று, சூட்டில் நிக்கல் அணுக்கள் மேலே ஏறி மீகடத்தியைக் கெடுத்துவிடும். இன்னொன்று, படிகத் துகள்களின் திசை. பக்கத்துப் பக்கத்துத் துகள்கள் ஒன்றுக்கொன்று சில டிகிரி திரும்பியிருந்தாலே அந்த எல்லையைத் தாண்டும் மின்னோட்டம் மளமளவென்று குறையும் என்று 1988ல் ஐபிஎம் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

திசைக்கு ஒரு வழியை 1996ல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் வெளியிட்டது. நிக்கலை உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப நசுக்கி மெலிதாக்கிச் சூடேற்றினால், துகள்கள் கிட்டத்தட்ட ஒரே திசையில் அணிவகுக்கும். இந்த ஒழுங்கு மேலே போகணும், நிக்கல் அணு மட்டும் போகக்கூடாது. இடையில் பூசும் ஆக்சைடு அடுக்குக்கு இதுதான் வேலை. செங்கல் சுவர் மாதிரிதான், அடிவரிசை கோணினால் மேலே எல்லாம் கோணும்.

சீரியம் ஆக்சைடு இதற்கு நல்ல பொருத்தம். அதன் படிகக் கட்டத்தின் பக்கம் 5.41 ஆங்ஸ்ட்ராம், மூலைவிட்டத்தில் பாதி 3.83. மீகடத்தியின் பக்கங்கள் 3.82, 3.89. அதாவது 45 டிகிரி திரும்பி உட்கார்ந்தால் அணுக்கள் ஏறக்குறைய நேருக்கு நேர் வந்துவிடும்.

சிக்கல் எங்கேன்னா, ஆக்சைடு வளர ஆக்சிஜன் வேணும். அந்தச் சூட்டில் ஆக்சிஜனை விட்டால் நிக்கல் முந்திக்கொள்ளும். நிக்கல் ஆக்சைடு வேறு திசையில் முளைக்கும், கீழே இருக்கும் ஒழுங்கு அங்கேயே அறுந்துவிடும்.

இதற்கு விடை தண்ணீர்! வெற்றிட அறைக்குள் ஆக்சிஜனுக்குப் பதிலாகத் துளியூண்டு நீராவியை விடுகிறார்கள். நீரில் ஆக்சிஜனை ஹைட்ரஜன் பிடித்துவைத்திருக்கிறது. சீரியத்துக்கு ஆக்சிஜன்மேல் பசி அதிகம், பிடுங்கிக்கொள்ளும். நிக்கலுக்கு அந்த பலம் இல்லை. கூடவே கொஞ்சம் ஹைட்ரஜனும் இருந்தால், ஏற்கெனவே படிந்திருந்த நிக்கல் ஆக்சைடுகூட உலோகமாகத் திரும்பிவிடும்.

சீரியம் ஆக்சைடைத் தடிப்பாக ஏற்றினால் விரிசல் விடும். அதனால் நிக்கலைத் தடுக்கும் வேலையை நடுவில் வரும் சிர்கோனியா அடுக்கிடம் விட்டுவிட்டு, அதன்மேல் மறுபடி மெல்லிசா சீரியம் ஆக்சைடு போடுவார்கள்.

பிறகு மீகடத்தியை வளர்க்க ஆக்சிஜன் விடும்போது அடியில் நிக்கல் லேசாக ஆக்சைடானாலும் பரவாயில்லை, ஒழுங்கு ஏற்கெனவே மேலே போய்ச் சேர்ந்துவிட்டது. கவனமெல்லாம் முதல் சில அணு வரிசைகளில்தான். நாடா நூற்றுக்கணக்கான மீட்டர் நீளம். மின்னோட்டம் அதன் ஒவ்வொரு அங்குலத்தையும் கடந்தாகணும். நாடாவின் அகலம் முழுக்க ஒரே ஒரு இடத்தில் அந்த வரிசை தவறினாலும், மொத்த நீளத்தின் திறனும் அந்த இடத்தின் திறன்தான்.