வீட்டுச் சொல்லும் ஏட்டுச் சொல்லும்

தில்லி, மும்பை, போபால் முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் வீட்டில் தடையின்றித் தமிழ் பேசுவர். ஆயினும், தமிழ்ப் பாடநூலைத் திறந்தவுடன் அது வேறொரு மொழிபோல் அவர்களுக்குத் தோன்றும். 'அவங்க வந்தாங்க' என்று பேசிப் பழகிய செவிக்கு 'அவர்கள் வந்தனர்' என்னும் தொடர் அயலாகப் படுகிறது. தாம் பேசுவது பிழையான தமிழ் என்று எண்ணி, வகுப்பில் வாய் திறக்கவே சிலர் கூசுகின்றனர். வாரத்தில் சில பாடவேளைகளே தமிழுக்குக் கிடைக்கும் பள்ளியில் ஆசிரியர் ஒவ்வொரு சொல்லையும் விளக்கிக்கொண்டிருத்தல் இயலாது. எனவே, மாணவர் தாமே கற்கும் வழிகளை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

அவ்வழிகளுள் முதன்மையானது வீட்டுத் தமிழையே கருவியாகக் கொள்வது. பேச்சுத் தமிழ் பிழையன்று. எழுத்துத் தமிழோடு ஒழுங்கான தொடர்புடையது. அவ்வொழுங்கை நாமே கண்டறியலாம். குறிப்பேட்டின் ஒரு தாளை நெடுக்காக மடித்து, இடப்பக்கம் வீட்டில் கேட்ட சொல்லையும் வலப்பக்கம் நூலில் கண்ட சொல்லையும் எழுதுக. 'தல – தலை', 'மழ – மழை', 'கட – கடை' என நான்கைந்து சொற்கள் சேர்ந்ததும், பேச்சில் இறுதியில் ஒலிக்கும் அகரம் எழுத்தில் ஐகாரமாக நிற்பது புலப்படும்.

அடுத்து, 'எடம் – இடம்', 'வெல – விலை', 'ஒடம்பு – உடம்பு', 'கொட – குடை' ஆகியவற்றை நோக்குக. சொல்லின் தொடக்கத்தில் உள்ள இகரம் பேச்சில் எகரமாகவும், உகரம் ஒகரமாகவும் மாறியுள்ளன. எல்லாச் சொற்களும் இவ்வாறு மாறுமா? 'இனிப்பு', 'குருவி' என்பன மாறவில்லையே! காரணம் அடுத்த எழுத்தில் இருக்கிறது. மாறிய சொற்களில் அடுத்த எழுத்து 'ட', 'லை', 'டை' என அகரமோ ஐகாரமோ ஏறியது. 'னி', 'ரு' ஆகியவற்றில் அவை இல்லை. 'இவன்' என்னும் சுட்டுச் சொல்லோ இவ்விதிக்கு அடங்காமல் நிற்கிறது. இத்தகைய விலக்குகளைத் தனியே குறித்து வைத்தல் நன்று. பிறர் சொல்லித் தந்த விதியைவிடத் தாமே கண்ட விதி மனத்தில் நிலைக்கும். ஊருக்கு ஊர் பேச்சு வேறுபடுதலால், நெல்லைக் குடும்பத்து மாணவரின் பட்டியலும் கோவைக் குடும்பத்து மாணவரின் பட்டியலும் முற்றும் ஒன்றாக இரா. இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தல் சுவையாக இருக்கும்.

நாள்தோறும் படிக்கும் இந்தியும் துணை செய்யும். இந்தியில் 'க' வரிசையின் வல்லொலிகள் நான்கிற்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழில் ஒரே எழுத்து. எங்கே எவ்வாறு ஒலிப்பது? 'கல்', 'பக்கம்', 'அங்கே', 'பகல்' என்னும் சொற்களைப் பெரியோர் ஒருவரைச் சொல்லச் செய்து உற்றுக் கேட்க. எழுத்து ஒன்றாயினும் அது நிற்கும் இடமே ஒலியை முடிவு செய்கிறது என்பது விளங்கும்.

பொருள் தெரியாத சொல்லுக்கு அகராதியை நாடுகிறோம். 'சென்றான்' என்று தேடினால் அது கிடைப்பதில்லை. வேர்ச்சொல்லாகிய 'செல்' என்பதையே தேடவேண்டும். 'நின்றான்' என்பதற்கு 'நில்', 'வென்றான்' என்பதற்கு 'வெல்'. இவற்றைக் கண்டவர் 'கொன்றான்' என்பதன் வேரைத் தாமே ஊகிப்பார். அதே முறையில் 'தின்றான்' என்பதற்குத் 'தில்' என்று தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்; அதன் வேர் 'தின்'. ஊகித்தலும் சரிபார்த்தலும் சேர்ந்ததே கற்றல்.

அகராதியின் வரலாற்றிலும் இதற்குத் தொடர்புண்டு. பழைய நிகண்டுகள் செய்யுள் வடிவில் அமைந்தவை; அவற்றை மனப்பாடம் செய்தவருக்கே அவை உடனே கைகொடுத்தன. இத்தாலியில் பிறந்து, வளர்ந்த பின்னர்த் தமிழ் கற்ற வீரமாமுனிவர் 1732ஆம் ஆண்டில் சதுரகராதியைத் தொகுத்தார். அதில் சொற்கள் அகர வரிசையில் நின்றமையால், வேண்டிய சொல்லைக் கற்பவரே தேடி எடுக்க முடிந்தது. பிறமொழியாளராக வந்து கற்றவருக்கு அத்தேவை நன்கு தெரிந்திருக்கும் போலும்!

கற்ற சொற்கள் மறந்துபோவது இயல்பே. ஜெர்மன் நாட்டு உளவியலறிஞர் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து, முடிவுகளை 1885ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். கற்றவுடன் மறதி விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்பதும், ஒரே நாளில் பலமுறை படிப்பதினும் பல நாள்களில் பகிர்ந்து படிப்பது பயன் தரும் என்பதும் அவர் கண்டவை. ஆகவே, மடித்த தாளின் வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லை நினைவிலிருந்து கூறிப் பார்க்க. மறுநாளும், மூன்று நாள் கழித்தும், ஒரு வாரம் கழித்தும் அவ்வாறே செய்க. நினைவுக்கு வராத சொல்லின் அருகில் ஒவ்வொரு முறையும் ஒரு புள்ளி இடுக. புள்ளிகள் மிகுந்த சொற்களை மட்டும் அடுத்த தமிழ் வகுப்பில் ஆசிரியரிடம் காட்டிக் கேட்கலாம்.