எழுத்தில்லாத வாடகை: வெளியேற முன் அறிவித்தல் கொடுங்கள்

வலிகாமம் வடக்கில் 1990 யூனில் வீடு வாசலை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்குக் காணிகள் ஒரே நாளில் திரும்பக் கிடைக்கவில்லை. 2009க்குப் பின்னர் அவை துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டன. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டபோது 27 ஆண்டுகள் கடந்திருந்தன. இன்னமும் தமது காணிக்காகக் காத்திருப்போர் உள்ளனர்.

காணி விடுபட்டது என்ற செய்தி கிடைத்ததும் பற்றை வெட்டவும், கிணறு இறைக்கவும், ஒரு கொட்டிலாவது போடவும் மனம் அவசரப்படுவது இயல்பே. அந்த அவசரத்தில் இதுவரை குடியிருந்த வாடகை வீட்டின் கணக்கை நாம் மறந்துவிடுகிறோம். பின்னர் முற்பணம் திரும்பி வருவதில்லை. நெருக்கடியான காலத்தில் இடம் தந்தவரோடு மனக்கசப்பும் உண்டாகிறது.

எம்மவர்களில் பலர் வாய்ப்பேச்சிலேயே வீடு எடுத்தவர்கள். "எழுத்து ஒன்றும் இல்லையே, நினைத்த நேரம் போகலாம்தானே" என்று சிலர் கேட்கின்றனர். அப்படியல்ல. காணி, வீடு பற்றிய உடன்படிக்கைகள் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஒரு மாதத்துக்கு மேற்படாத வாடகைக்கு மட்டும் அது விலக்களிக்கிறது. ஆகவே வாய்ப்பேச்சில் எடுத்து மாதம் மாதம் பணம் கட்டும் வீடு, சட்டத்தின் கண்ணில் மாத வாடகை வீடு. ஒரு வருடத்துக்கு என்று பேசி, சாதாரண கடதாசியில் எழுதி இருவரும் கையொப்பம் வைத்திருந்தாலும், நொத்தாரிசு இல்லாவிட்டால் அந்த ஒரு வருடப் பேச்சுக்குச் சட்டத்தில் பலமில்லை. முத்திரை ஒட்டினால் சரி என்று நம்புவோர் இன்றும் இருக்கிறார்கள்!

மாத வாடகையை முடிக்க முழுமையான ஒரு மாத அறிவித்தல் வேண்டும். முப்பது நாள் என்று விரல் விட்டு எண்ணுவது போதாது. வாடகை மாதம் எந்தத் திகதியில் தொடங்குகிறதோ அதை வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும். உதாரணமாக, உங்கள் வாடகை மாதம் முதலாம் திகதி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். யூலை 31இல் வெளியேற வேண்டுமானால் அறிவித்தல் யூன் 30க்குள் உரிமையாளர் கையில் சேர வேண்டும். யூலை 10இல் கொடுத்தால் அது ஓகஸ்ட் 31க்கே செல்லும். நீங்கள் யூலையில் போய்விட்டாலும் ஓகஸ்ட் மாத வாடகையை அவர் கேட்கலாம். முற்பணத்தில் கழிக்கவும் பார்ப்பார். 15ஆம் திகதி குடிபுகுந்து, 15க்கு 15 வாடகை கட்டி வருபவருக்கு மாதம் 14ஆம் திகதியுடன் முடிகிறது.

இந்த விதி இரு பக்கமும் வெட்டும். உரிமையாளரும் உங்களை "நாளைக்கே எழும்பு" என்று சொல்ல முடியாது. அறிவித்தல் காலம் முடிந்த பிறகும் நீதிமன்றக் கட்டளையின்றிச் சாமான்களை வெளியே எறிய அவருக்கு உரிமையில்லை.

தோட்டம் செய்பவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. வீட்டோடு சேர்ந்த வளவில் வெங்காயம் நட்டிருந்தால் அது கிண்டுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் எடுக்கும். மிளகாய் என்றால் பல தடவை ஆய வேண்டியிருக்கும். ஒரு மாத அறிவித்தல் கொடுத்துவிட்டு நடுவில் பயிரைப் பார்த்துக் கலங்குவதில் பயனில்லை. பயிர்க் காலத்தைப் பார்த்து அறிவித்தல் திகதியைத் தீர்மானியுங்கள். முடியாவிட்டால், "வீட்டை இன்ன திகதியில் ஒப்படைக்கிறேன், நிற்கும் பயிரை இன்ன திகதி வரை வந்து எடுத்துக்கொள்வேன்" என்று அதே கடிதத்தில் எழுதி, உரிமையாளரின் சம்மதக் கையொப்பத்தையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

நெல் வயலுக்குக் கணக்கு வேறு. வாரத்துக்கோ குத்தகைக்கோ வயல் செய்பவரின் உரிமையை 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டம் தனியாகப் பாதுகாக்கிறது. வயலை விட்டுப் போவதானால் முதலில் கமநல சேவை நிலையத்தில் விசாரியுங்கள். அதற்கு முன் எவர் நீட்டும் கடதாசியிலும் கையொப்பம் வைக்காதீர்கள்.

வீட்டுக்கான அறிவித்தல் கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. திகதி, வீட்டின் முகவரி, வெளியேறும் நாள், கட்டிய முற்பணம், அதைத் திருப்பித் தரும்படியான வேண்டுகோள் ஆகியவை போதும். இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையொப்பம் வாங்குங்கள். வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி, தபாற் கந்தோர் தரும் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். உரிமையாளர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்தால், வாடகை வாங்குபவரிடம் ஒரு பிரதி கொடுத்து, உரிமையாளருக்கும் ஒன்று அனுப்புவது நல்லது.

"பெரியம்மாவின் வீட்டில் இருந்துகொண்டு அவவுக்கே கடிதம் கொடுப்பதா?" என்று கூச்சப்படுவோர் உண்டு. முதலில் நேரில் போய் ஒரு தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொல்லுங்கள். பிறகு, "கணக்குக்காக ஒரு துண்டு எழுதி வைக்கிறேன் பெரியம்மா" என்று கொடுத்தால் எவரும் கோபிக்கமாட்டார்கள். சொந்தத்துக்குள் வரும் பணப் பிணக்குத்தான் தலைமுறைக்கும் நீளுவது.

முற்பணத்தில் பிணக்கு வந்தால் மத்தியஸ்த சபைக்கு எழுதலாம். அங்கே சட்டத்தரணி தேவையில்லை. வழக்கு என்று வந்தால், வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்கள் உதவுகின்றன. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது வாடகைப் பற்றுச்சீட்டையும் அறிவித்தல் பிரதியையும்தான்.

வெளியேறும் நாளில் மின்சார மானியின் இலக்கத்தை உரிமையாளருடன் சேர்ந்து பார்த்து எழுதுங்கள். அயலவர் ஒருவர் கூட நிற்கட்டும். நீங்கள் போட்ட தகரம், கிணற்றில் பூட்டிய நீர் இறைக்கும் இயந்திரம், குழாய் எல்லாவற்றையும் பேசித் தீர்த்து, திறப்பைக் கொடுக்க முன்னரே கழற்றி ஏற்றிவிடுங்கள்.