இன்ஜின் தரையில், விமானம் வானில்

இன்ஜின் இல்லாத விமானமான கிளைடரை ஓட்டக் கற்பிக்கும் ஜெர்மனியின் பள்ளிகளில் பயிற்சி நாள் காலையில் கொட்டகைக் கதவைத் திறப்பதோடு தொடங்குகிறது. அங்கே பரவலாகப் பயன்படும் இரட்டை இருக்கைப் பயிற்சி கிளைடர் ஏ.எஸ்.கே. 21. அதன் இறக்கை முனைக்கு முனை 17 மீட்டர். நெருக்கி நிறுத்திய விமானங்களை ஒன்றோடொன்று இடிக்காமல் வெளியே எடுக்கவே நாலைந்து பேர் வேண்டும். அடுத்தது அன்றாடச் சோதனை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து கட்டுப்பாட்டுக் கோலான ஸ்டிக்கை அசைக்க, மற்றொருவர் இறக்கையின் அசையும் பகுதிகளைக் கையால் பிடித்து, அவை உறுதியாக இணைந்திருக்கின்றனவா என்று பார்க்கிறார். கிளைடரை இழுத்து ஏற்றும் கேபிளை மாட்டும் கொக்கி சரியாக விடுவிக்கிறதா என்பதும் சோதிக்கப்படுகிறது.

பிறகு வானிலை பேசப்படும். காற்று எந்தத் திசையிலிருந்து வீசுகிறதோ அந்த முனையில், கேபிளைச் சுருட்டி இழுக்கும் இயந்திரமான வின்ச் நிற்கும். சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி எதிர்முனையில் கிளைடர்கள் வரிசை கட்டும். ஒரு வண்டி கேபிளின் நுனியை அங்கே இழுத்து வருகிறது. மாணவர்கள் முறை வைத்து வேலைகளைப் பகிர்ந்துகொள்கிறார்கள்: ஒருவர் இறக்கை முனையைப் பிடித்து ஓட, ஒருவர் புறப்பாட்டு நேரங்களைப் பதிய, ஒருவர் தரையிறங்கிய கிளைடரைத் திரும்பத் தள்ளிவர. பறப்பது சில நிமிடம். மற்ற நேரமெல்லாம் பிறரைப் பறக்கவைப்பதில் போகிறது.

‘எரிபொருள் இல்லாத, பறவைபோன்ற பயணம்’ என்று கிளைடரைப் புகழ்வது வழக்கம். இந்தப் புகழ்ச்சி முக்கியமான ஒன்றை விட்டுவிடுகிறது. ஆட்களோடு 600 கிலோ எடையுள்ள விமானத்தை 400 மீட்டர் உயர்த்த ஏறக்குறைய 2.4 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். அதைத் தருவது தரையில் நிற்கும் வின்ச்சின் இன்ஜின். அந்த ஆற்றல் அரை நிமிடம் சொச்சத்தில் விமானத்துக்குள் எப்படிப் போகிறது என்பதுதான் நாளின் மிகச் சுவையான இயற்பியல்.

ஒரு பட்டத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். காற்றில்லாத நாளில் பட்டம் விடும் சிறுவன் நூலைப் பிடித்தபடி ஓடுகிறான். அவன் ஓட்டம் பட்டத்துக்குக் காற்றாகிறது. சுழன்று கேபிளைச் சுருட்டும் வின்ச் உருளைதான் ஓடும் சிறுவன். பட்டத்தின் சூத்திரக் கயிறு தலைப்பக்கமாக ஏறிவிட்டால் பட்டம் படுத்துக்கொண்டு உயர மறுக்கும். வால்பக்கமாக இறங்கினால் நிலைகொள்ளாமல் கரணம் அடிக்கும். கிளைடருக்கும் இதே விதி. வின்ச் கேபிளுக்கான கொக்கி மூக்கில் இருப்பதில்லை. எடை மையத்துக்கு அருகே வயிற்றுப் பகுதியில் இருக்கிறது. மூக்கில் மாட்டி இழுத்தால் கேபிள் மூக்கைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். பட்டம் நூலின் நீளத்தை முழுவதும் உயரமாக்கிக்கொள்வதில்லை. 1,000 மீட்டர் கேபிளில் கிளைடரும் 350 முதல் 450 மீட்டர் வரையே ஏறுகிறது. எதிர்க்காற்று பலமாக இருந்தால், பட்டத்தைப் போலவே, இன்னும் சற்று உயரும்.

பட்டத்தின் நூல் அறுந்தால் பட்டம் மட்டும் போகும். கிளைடரில் இருவர் இருக்கிறார்கள். கேபிள் இறுகியதும் மூன்று நான்கு விநாடிகளில் கிளைடர் தரையை விட்டு எழும்புகிறது. உடனே மூக்கைத் தூக்கக் கூடாது. வேகம் கூடக் கூட, படிப்படியாக 45 பாகை வரை சாய்வு ஏறுகிறது. அந்தச் சாய்வில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கேபிள் அறுந்தால், ஈர்ப்புவிசை மட்டுமே ஒவ்வொரு விநாடியும் மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தைத் தின்றுவிடும். ஏ.எஸ்.கே. 21-இன் இறக்கை விமானத்தைத் தாங்கும் ஆற்றலை இழக்கும் ஸ்டால் வேகம் சுமார் 65 கிலோமீட்டர். ஆக, விமானிக்குக் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றரை விநாடி.

கேபிள் அறாமல் இருக்கும்போதும் இன்னொரு கணக்கு உண்டு. ஏற்றத்தின் பிற்பகுதியில் கேபிள் கிளைடரைக் கீழ்நோக்கி இழுக்கிறது. இறக்கை விமானத்தின் எடையோடு அந்த இழுவையையும் சுமக்க வேண்டும். இழுவை எடைக்குச் சமமானால் சுமை இரட்டிப்பாகும். ஸ்டால் வேகம் சுமையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப உயருவதால் 65 என்பது 92 ஆகிவிடும். கருவி 100 காட்டினாலும் கையிருப்பு எட்டே கிலோமீட்டர்தான். வேகம் குறைகையில் ஸ்டிக்கை மேலும் பின்னுக்கு இழுக்கக் கூடாது என்ற விதி இந்தக் கணக்கிலிருந்து வருகிறது. இழுவை அளவு மீறினால் விமானத்தைக் காக்க, கேபிளின் நுனியில் குறிப்பிட்ட விசையில் முறியும்படி செய்த உலோகத் துண்டு ஒன்று கோக்கப்பட்டிருக்கும். ஏ.எஸ்.கே. 21-க்கு அது சுமார் ஒரு டன் விசையில் முறியும்.

அதனால்தான் கேபிள் அறுவதே ஒரு பாடமாகிறது. பயிற்றுநர் சொல்லாமலே கேபிளை விடுவிக்கிறார். மாணவர் முதலில் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்க வேண்டும். வேகம் திரும்பும் வரை வேறெதுவும் செய்யக் கூடாது. அதன் பிறகே முடிவு: முன்னால் இடமிருந்தால் நேரே இறங்குவது, உயரம் போதுமானால் சுருக்கமான வட்டமடித்துத் திரும்புவது. வெவ்வேறு உயரங்களில் இது தானாக வரும்வரை யாரும் தனியே பறக்க அனுமதிக்கப்படுவதில்லை.

கேபிளை விட்டதும் விமானம் அமைதியாகிறது. விதானக் கண்ணாடியில் ஒட்டிய சிறு கம்பளி நூல் நேராகப் பின்னோக்கி இருந்தால் விமானம் சறுக்காமல் போகிறது. நீண்ட இறக்கையைச் சாய்த்துத் திரும்பும்போது உயரும் பக்கத்து இறக்கை கூடுதல் காற்றுத்தடையால் பின்தங்கி, மூக்கை எதிர்ப்பக்கம் இழுக்கும். சுக்கானைக் காலால் மிதித்து நூலை நேராக்க மாணவர் கற்கிறார். சுமார் 200 மீட்டர் உயரத்தில் ஓடுதளத்துக்கு இணையாக வந்து, இருமுறை திரும்பி இறங்குகிறார். ஒரு மீட்டர் இறங்க 34 மீட்டர் முன்னே போகும் விமானம் இது. இறக்கையிலிருந்து எழும் ஏர்பிரேக் தகடுகள் இல்லாவிட்டால் அதைக் குறித்த இடத்தில் இறக்குவது கடினம்.

கிளைடர் விளையாட்டின் வரலாறு ஹெஸ்ஸன் மாநிலத்தின் வாசர்குப்பே மலையில் தொடங்குகிறது. 1911-இல் டார்ம்ஷ்டாட் மாணவர்கள் அங்கே கிளைடர்களைச் சோதித்தார்கள். வெர்சாய் ஒப்பந்தம் இன்ஜின் விமானங்களுக்குத் தடைகள் விதித்த பிறகு, 1920-இல் ஆஸ்கர் உர்சினுஸ் முன்னின்று முதல் போட்டி நடந்தது. 1924-இல் அங்கே தொடங்கிய பள்ளி உலகின் மிகப் பழைய கிளைடர் பள்ளியாகக் கருதப்படுகிறது. பின்னர் வந்த எஸ்.ஜி. 38 வகைப் பயிற்சி கிளைடரில் ஒரே இருக்கைதான். மாணவர் முதல் தடவையே தனியாகத்தான் எழும்பினார். இன்றைய இரட்டை இருக்கை முறை அதைவிடப் பாதுகாப்பானது.

நண்பகலில் தரை சூடேறி வெப்பக்காற்றுத் தூண்கள் எழும்போது பாடம் மாறுகிறது. அவற்றுக்குள் வட்டமிட்டு, ஏற்றத்தையும் இறக்கத்தையும் காட்டும் வேரியோமீட்டரின் முள்ளைப் பார்த்து, வலுவான மையத்தைத் தேட வேண்டும். மாலையில் கிளைடர்களைக் கழுவுகிறார்கள். இறக்கையின் முன்விளிம்பில் ஒட்டிய பூச்சிகள், வழுவழுப்பாகச் செல்ல வேண்டிய காற்றோட்டத்தைக் கலைத்து விமானத்தின் திறனைக் குறைக்கும். பதிவேடு நிரப்பி, அன்றைய தவறுகளைப் பயிற்றுநரோடு பேசிய பிறகே கொட்டகைக் கதவு மூடும்.

ஐரோப்பிய விதிப்படி 14 வயதில் தனியே பறக்கலாம். உரிமம் 16 வயதில். உரிமத்துக்குக் குறைந்தது 15 மணி நேரப் பறத்தல் பயிற்சியும் 45 புறப்பாடுகளும் தேவை. வின்ச்சில் ஏறி உடனே இறங்கும் பயணம் சுமார் ஆறு நிமிடம். அப்படி 45 முறை பறந்தாலும் நாலரை மணி நேரமே சேரும். மீதி நேரத்தை வெப்பக்காற்று தர வேண்டும். அதனால் உரிமம் பெறும் மாணவர், வின்ச் தந்த உயரத்தைச் செலவழிக்கவும் காற்றிலிருந்து புதிதாகச் சம்பாதிக்கவும் கற்றவராக இருக்கிறார்.