ஏர் ஆம்புலன்ஸ் எல்லா புற்றுநோயாளிக்கும் தேவையா? நகையை விற்கும் முன்பு இதை படியுங்க

தூத்துக்குடி,

"எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை, சென்னைக்கு பிளைட்டிலேயே கொண்டு போயிடுவோம்."

வீட்டில் புற்றுநோய் முற்றி ஒருவருக்கு உடம்பு மோசமானதும் சொந்தக்காரர்கள் இப்படித்தான் துடிக்கிறார்கள். ஆனால் ஏர் ஆம்புலன்ஸ் வாடகை லட்சக்கணக்கில் வரும். நகை, நிலத்தை விற்று பணம் கட்டும் முன்பு சில விஷயங்களை தெரிந்து கொள்வது நல்லது.

உள்ளே என்ன இருக்கும்?

ஏர் ஆம்புலன்ஸ் என்பது பறக்கும் ஐ.சி.யு. வார்டு மாதிரி. சின்ன விமானத்தில் ஸ்ட்ரெச்சர், ஆக்சிஜன், வென்டிலேட்டர், மானிட்டர் எல்லாம் இருக்கும். டாக்டரும், நர்சும் கூடவே வருவார்கள். குடும்பத்தில் ஒன்றிரண்டு பேர்தான் ஏற முடியும்.

தூத்துக்குடியில் இருந்து சென்னை சுமார் 600 கிலோ மீட்டர். ரோட்டில் 10 மணி நேரம் பிடிக்கும். விமானத்தில் 2 மணி நேரம் போதும். ஆனால் அந்த விமானம் நம்ம ஊரில் தயாராக நிற்பதில்லை. பெரிய நகரத்தில் இருந்து காலியாக வர வேண்டும். அந்த செலவும் நம்ம தலையில்தான்.

ஊட்டி உயரம்

பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் 6 ஆயிரம் முதல் 8 ஆயிரம் அடி உயர மலையில் இருப்பது போல இருக்கும். அதாவது ஏறக்குறைய ஊட்டி உயரம். நல்லா இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ரத்தம் குறைந்தவர்கள், நுரையீரலில் நீர் கோர்த்தவர்களுக்கு மூச்சு திணறும்.

மேலே போக போக உடம்புக்குள் அடைபட்ட காற்றும் விரியும். சமீபத்தில் மூளை, வயிறு, நெஞ்சில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு இது ஆபத்தாகலாம். அதனால்தான் "விமானத்தில் போகலாம்" என்று டாக்டர் எழுதி கொடுக்க வேண்டும் என்கிறார்கள்.

யாருக்கு அவசியம்?

விபத்து, மாரடைப்பு மாதிரி புற்றுநோய்க்கு நிமிஷ கணக்கு கிடையாது. கீமோ, ரேடியேஷன் எல்லாம் வாரக்கணக்கில் நடப்பவை. ரோட்டு பயணத்தை தாங்கவே முடியாத நிலை, போகிற இடத்தில் உறுதியாக சிகிச்சை என்று இரண்டும் சேர்ந்தால் மட்டுமே ஏர் ஆம்புலன்சுக்கு அர்த்தம் இருக்கிறது.

எனவே 3 கேள்விகளை கேளுங்கள். அங்கே பெட் உறுதியா? இங்கே இல்லாத எந்த சிகிச்சையை அங்கே தர போகிறார்கள்? வாடகையில் இரண்டு பக்கத்து ஆம்புலன்ஸ், டாக்டர் செலவு எல்லாம் அடக்கமா? இதற்கு பதில் கிடைக்காமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

செலவு குறைந்த வழி

* உட்கார்ந்தோ படுத்தோ போக முடிந்தவர்களுக்கு ரெயில் இருக்கிறது. சிகிச்சைக்கு போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பர், 3-ம் வகுப்பு ஏ.சி.யில் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. துணைக்கு போகும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. ஆஸ்பத்திரியில் உரிய படிவத்தில் சான்று வாங்கி ரெயில்வே கவுண்டரில் காட்ட வேண்டும்.

* சில பயணிகள் விமானங்களில் பல சீட்டுகளை மடக்கி ஸ்ட்ரெச்சர் வைத்து தருவார்கள். தனி விமானத்தை விட செலவு குறைவு. முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

* ஒரு அரசு ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொரு அரசு ஆஸ்பத்திரிக்கு டாக்டர் அனுப்பி வைத்தால் 108 ஆம்புலன்சில் காசு இல்லாமல் போகலாம்.

மத்தியபிரதேசத்தில் 2024-ம் ஆண்டு மாநில அரசே ஏர் ஆம்புலன்ஸ் திட்டத்தை தொடங்கி, ஆயுஷ்மான் அட்டை வைத்திருக்கும் ஏழைகளுக்கு இலவசமாக தருகிறது.

கசப்பான உண்மை

இனி குணப்படுத்த முடியாது என்று டாக்டர் சொல்லி விட்டால், விமானத்தில் கொண்டு போனாலும் நோய் மாறாது. கடனும், வழியில் படும் வேதனையும்தான் மிஞ்சும். அப்படிப்பட்டவர்களுக்கு வலியை குறைக்கும் சிகிச்சை இருக்கிறது. 2021-ல் தொடங்கிய 'மக்களை தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் இந்த உதவி செய்கிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.