வராத அழைப்புக்கும் விலை உண்டு

வீட்டுச் சாவியும் அலுவலகச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்குகின்றனவா, தனித்தனியாகவா? அமெரிக்கச் சமூகவியலாளர் கிறிஸ்டீனா நிப்பர்ட்-எங் ஓர் ஆய்வுக்கூட ஊழியர்களிடம் இப்படிப்பட்ட சின்னச் சின்ன விஷயங்களைத் துருவித் துருவிக் கேட்டார். நாட்காட்டி ஒன்றா, இரண்டா என்றும் பார்த்தார். 1996-இல் அது புத்தகமாக வந்தது. சிலர் வேலையையும் வீட்டையும் ஒட்டாமல் வைத்திருந்தார்கள். சிலர் இரண்டையும் கலந்தே வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் நடுவில் எங்கோ இருந்தார்கள்.

அன்று வேலைக்கும் வீட்டுக்கும் இடையிலான கோட்டை எங்கே போடுவது என்பதில் ஊழியருக்கும் ஓரளவு கை இருந்தது. இன்று குழந்தையின் பள்ளித் தகவலும் மேலாளரின் கேள்வியும் ஒரே போனில், ஒரே ஒலியோடு வருகின்றன.

இணையம் கோட்டை அழித்ததே கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். நான்கு மணிக்குக் கிளம்பிப் பிள்ளையை அழைத்துவந்து, மீதி வேலையை இரவு முடிக்கிற தாய்க்கு அது பெரிய உதவி. அந்த நேரத்தை அவரே தேர்ந்தெடுக்கிறார். பிறர் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று காத்திருப்பதுதான் உடம்பைத் தொடுகிறது.

ஜெர்மனியில் யான் டெட்மெர்ஸும் சக ஆய்வாளர்களும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் அளந்தது. ஓய்வு நேரத்திலும் வேலைக்காகத் தொடர்பில் இருக்கவேண்டிய நாட்கள், அந்தக் கட்டாயம் இல்லாத நாட்கள் என்று அதே ஊழியர்களின் இரண்டு வகை நாட்களை ஒப்பிட்டார்கள். காலையில் கண் விழித்ததும், பிறகு சற்று நேரம் கழித்தும் உமிழ்நீர் எடுத்துக் கார்ட்டிசால் பார்த்தார்கள். நாளைச் சமாளிக்க உடம்பு தயாராவதால், விழித்த முதல் அரை மணி, முக்கால் மணி நேரத்தில் இந்த ஹார்மோன் பெரும்பாலோருக்கு ஏறும். தொடர்பில் இருக்கவேண்டிய காலகட்டத்தில் அந்த ஏற்றம் கூடுதலாக இருந்தது. காலை மனநிலையும் மங்கியிருந்தது. இப்படிக் காத்திருக்கும் நேரத்தை ஓய்வாகக் கணக்கிட முடியாது என்பது அவர்கள் முடிவு.

வில்லியம் பெக்கர், லியூபா பெல்கின் உள்ளிட்டோர் 2018-இல் முன்வைத்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. வேலை நேரத்துக்குப் பிறகும் மின்னஞ்சலைப் பார்க்கவேண்டும் என்று நிறுவனம் எதிர்பார்ப்பதே பதற்றத்தைத் தருகிறது. உட்கார்ந்து வேலை பார்த்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை. அந்தப் பாதிப்பு வாழ்க்கைத் துணையின் நலத்திலும் தெரிந்தது. சம்பளம் ஒருவருக்கு, பதற்றம் மட்டும் இருவருக்கு. இது அநியாயம்.

இதைத் தவிர்க்க ஃபோக்ஸ்வாகன் கார் நிறுவனம் 2011-இல் ஜெர்மனியில் தொழிலாளர் பிரதிநிதிகளோடு பேசி ஓர் ஏற்பாடு செய்தது. ஷிப்டு முடிந்த அரை மணியில், உடன்பாட்டுக்கு உட்பட்ட ஊழியர்களின் பிளாக்பெர்ரிக்கு சர்வர் மின்னஞ்சல் அனுப்புவதை நிறுத்தியது. மறுநாள் ஷிப்டுக்கு அரை மணி முன்புதான் மீண்டும் அனுப்பியது. உயர் நிர்வாகிகளுக்கு இது பொருந்தவில்லை. பிரான்ஸில் 2017 ஜனவரி முதலும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதலும், வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பைத் துண்டிக்கும் உரிமைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் எம்.பி. சுப்ரியா சுலே இதே உரிமையை மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார்.

சட்டம் வேண்டும் என்பதே என் கருத்து. ஆனால் நம் ஊரில் பாதி அலுவலகம் வாட்ஸ்அப் குரூப்பில் ஓடுகிறது, அதுவும் ஊழியரின் சொந்த எண்ணில். அங்கே நிறுத்திவைக்க நிறுவனத்தின் சர்வரே கிடையாது. அங்கே அனுப்புகிறவர்தான் மனது வைக்கவேண்டும். லாரா ஜியர்ஜும் வனேசா போன்ஸும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், அவசரமில்லாத மின்னஞ்சலுக்குக்கூட அனுப்பியவர்கள் உடனே பதில் எதிர்பார்க்கிறார்கள் என்று பெறுகிறவர்கள் மிகையாக நினைப்பது தெரிந்தது. ‘இது அவசரமில்லை, உடனே பதில் வேண்டாம்’ என்று அனுப்புகிறவர் ஒரு வரி சேர்த்தபோது அந்தத் தவறான எண்ணம் குறைந்தது.